பழைய போர்டிலிருந்து புதிய கன்சோலுக்கு: ஒரு சபா அரங்கில் முதல் சில வாரங்கள்

சென்னையில் நடுத்தர அளவுள்ள ஒரு சபா அரங்கு. பரதநாட்டிய அரங்கேற்றம், மேடை நாடகம், பள்ளி ஆண்டு விழா, டிசம்பர் சீசன் கச்சேரி எல்லாமே நடக்கும் இடம். அங்கே பல வருடங்களாக உழைத்த 24 சேனல் லைட் போர்டை எடுத்துவிட்டு, ஈடிசி நிறுவனத்தின் ஈயோஸ் வரிசையில் வரும் அயான் எக்ஸ்ஈ 20 கன்சோலை வைத்தார்கள். அதை அரங்கில் அமைத்து, ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதைத் தொட்டவர்கள் முதலில் என்ன சொன்னார்கள், அதற்கு நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேட்டர் முதல் நாள் சொல்லும் புகாரை "பழகினால் சரியாகிவிடும்" என்று தள்ளிவிடுவது நம் அரங்குகளில் வழக்கமாகிவிட்டது. அது தவறு. அந்தப் புகார்களை வைத்துத்தான் கன்சோலை அந்த அரங்குக்கு ஏற்றபடி அமைக்க முடியும். இந்த அரங்கில் வந்த புகார்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு நியாயமான காரணம் இருந்தது.

ஏன் மாற்றினார்கள்

பழைய போர்டில் குறை ஒன்றும் இல்லை. 24 ஃபேடர் (வெளிச்சத்தை ஏற்றி இறக்க மேலும் கீழும் தள்ளும் பிடி) மேலே ஒரு வரிசை, 24 ஃபேடர் கீழே ஒரு வரிசை. மேல் வரிசைக்கு ஒரு மாஸ்டர், கீழ் வரிசைக்கு ஒரு மாஸ்டர். மேல் வரிசையில் இப்போதைய காட்சி எரிந்துகொண்டிருக்கும்போது கீழ் வரிசையில் அடுத்த காட்சியைத் தயார் செய்து வைக்கலாம். நேரம் வந்ததும் இரண்டு மாஸ்டரையும் சேர்த்து நகர்த்தினால் ஒன்று இறங்கும், மற்றொன்று ஏறும். ஒவ்வொரு ஃபேடரும் ஒரு டிம்மர் (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) சேனலுக்குப் போகும். 10 ஆம்பியர் டிம்மர் என்றால் 230 வோல்ட்டில் 2300 வாட் தாங்கும், அதாவது 1000 வாட் பார் விளக்கு (உருளை வடிவ மேடை விளக்கு, இழை வகை) இரண்டு. எந்த ஃபேடர் எந்த விளக்கு என்பது ஆபரேட்டரின் விரலுக்கே தெரியும்.

எல்இடி விளக்குகள் வந்ததும் இந்தக் கணக்கு உடைந்தது. ஒரு எல்இடி பார் விளக்குக்கு மாஸ்டர், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, ஸ்ட்ரோப் என்று ஆறு முதல் எட்டு சேனல் வரை வேண்டும். மூவிங் ஹெட் (தலை சுழன்று திரும்பும் விளக்கு) என்றால் பதினாறைத் தாண்டிவிடும். 24 ஃபேடரை வைத்துக்கொண்டு மூன்று, நான்கு எல்இடி விளக்கைத்தான் முழுதாகக் கட்டுப்படுத்த முடியும். அரங்கிலோ சைக் துணிக்கு (மேடையின் பின்னால் நிறம் காட்டத் தொங்கும் பெரிய துணி) மட்டுமே அதைவிட அதிகமாக வாங்கித் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் எரியவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்கிய விளக்கில் பாதிப் பயன்கூடக் கிடைக்கவில்லை.

மூன்று பேர், மூன்று பார்வை

அரங்கில் விளக்கு வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர். மூத்தவர் கைப்பிடி டிம்மர் காலத்திலிருந்து இருப்பவர். நாட்டியத்துக்கு விளக்கு போடுவதில் அவருக்கு இணையான ஆட்கள் குறைவு. இளைஞர் ஈவென்ட் நிறுவனம் ஒன்றில் மூவிங் ஹெட் ஓட்டிப் பழகியவர். மூன்றாமவர் எலக்ட்ரீஷியன். கன்சோலில் உட்கார மாட்டார், ஆனால் கேபிள், டிம்மர், மின்சாரம் எல்லாம் அவர் பொறுப்பு.

மூத்தவர் கன்சோலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, மத்த ஃபேடர்லாம் எங்க?" பழைய போர்டில் 48 ஃபேடர் பார்த்தவருக்கு 20 ஃபேடர் குறையாகத் தெரிந்தது. இந்த வகைக் கன்சோலில் ஒரு விளக்கை நேராகப் பிடித்து ஏற்ற ஃபேடர் தேவையில்லை. விசைப்பலகையில் எண்ணை அழுத்த வேண்டும். 1, த்ரூ, 6, அட், 7, என்டர் என்று அழுத்தினால் ஒன்று முதல் ஆறு வரையிலான சேனல்கள் (கன்சோலில் சேனல் எண் என்றால் ஒரு விளக்கின் எண்) 70 சதவீதத்துக்குப் போகும். இளைஞருக்கு இது உடனே பிடித்துவிட்டது. மூத்தவருக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்ன காரணம் எனக்கு முக்கியமாகப் பட்டது: "நான் ஆடற பொண்ணப் பாக்கணுமா, இந்தப் பொத்தானப் பாக்கணுமா?"

இது வயதானவர் புதியதை மறுக்கும் பேச்சு என்று இளைஞர் நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. அரங்கேற்றத்தில் புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா, மங்களம் என்று வரிசை தெரியும். ஆனால் எது எவ்வளவு நேரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வர்ணத்தில் பாடகர் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எடுப்பார், அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் வேறு சஞ்சாரி செய்வாள். ஜதி முடியும் இடத்தை நட்டுவாங்கத்தைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். முன்கூட்டியே கியூ (பதிவு செய்து வைத்த ஒரு விளக்கு மாற்றம்) எழுதி கோ பொத்தானை அழுத்திக்கொண்டே போகிற வேலை இது இல்லை. காது பாட்டிலும் கண் மேடையிலும் இருக்க, கை தானாக ஃபேடரைத் தேடிப் போக வேண்டும்.

அதனால் கன்சோலை முதலில் நாட்டியத்துக்காக அமைத்தோம். கடைசி ஒன்றைத் தவிர மற்ற 19 ஃபேடரையும் சப்மாஸ்டர்களாக (ஒரு ஃபேடரில் பல விளக்கைச் சேர்த்து) ஆக்கி, மூத்தவர் சொன்ன வரிசையிலேயே வைத்தோம். முன்பக்கம் மஞ்சள் சாயல், முன்பக்கம் வெள்ளை, இரண்டு பக்க விங்கிலிருந்தும் ரோஸ், நீலம், பின்னாலிருந்து வரும் வெளிச்சம், நடராஜர் சிலைக்குத் தனி விளக்கு, இசைக்குழுவுக்கு ஒன்று, சைக் துணிக்கு நான்கு நிறம். கடைசி ஃபேடரை, எல்லா விளக்கையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் கிராண்ட் மாஸ்டராக வைத்தோம், பழைய போர்டில் இருந்தது போல. ஃபேடர்களுக்கு மேலே வெள்ளை டேப் ஒட்டி, அவர் கையாலேயே தமிழில் பெயர் எழுதினார். ஒரு ஃபேடரைத் தள்ளினால் அதற்குள் எட்டு எல்இடி விளக்கு, விளக்குக்கு ஏழு சேனல் என்று ஓடிக்கொண்டிருக்கும். அதை அவர் பார்க்க வேண்டியதே இல்லை. அன்று ஒரு அரங்கேற்ற ஒத்திகை முடிந்ததும், "சைக்குல இவ்ளோ நிறம் இருக்குன்னு எனக்கு இத்தன நாளா தெரியாது" என்றார். அந்த விளக்குகள் அவர் தலைக்கு மேலேதான் இத்தனை நாளும் தொங்கிக்கொண்டிருந்தன.

நாடகத்தில் அணையாத விளக்கு

டிராக்கிங் விஷயத்தில்தான் பெரிய குழப்பம் வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிரீசெட் போர்டிலிருந்து, அதாவது பழைய இரண்டு வரிசை போர்டு போன்றவற்றிலிருந்து, வருகிற எல்லோரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

பிரீசெட் போர்டில் ஒவ்வொரு காட்சியும் முழுமையான படம். 24 ஃபேடரும் எங்கே இருக்கின்றன என்பதுதான் காட்சி. அடுத்த காட்சி வந்தால் முந்தையதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஈயோஸ் கன்சோல் அப்படி யோசிப்பதில்லை. ஒரு கியூவில் எது மாறுகிறதோ அதை மட்டும்தான் அது கட்டளையாக எடுத்துக்கொள்ளும். மாறாத விளக்கு, அடுத்து யாராவது புதுக் கட்டளை கொடுக்கும் வரை அதே நிலையில் தொடரும். இதுதான் டிராக்கிங். வாங்கி வரும்போதே கன்சோல் இந்த முறையில்தான் இருக்கும்.

ஒரு குடும்ப நாடகத்தின் ஒத்திகை. கியூக்கள் எல்லாம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. 18ஆவது கியூவில் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார், முகம் இருட்டாக இருக்கிறது என்றார் இயக்குநர். மூத்தவர் பக்க விளக்கு ஒன்றை, சேனல் 31, எடுத்து 40 சதவீதம் ஏற்றி, அப்டேட் அழுத்தினார். முகம் தெளிந்தது. இயக்குநர் திருப்தியாகத் தலையாட்டினார். காட்சி ஓடியது. 19ஆவது கியூ பிளாக்கவுட். எல்லா விளக்கும் அணைந்தது, 31 மட்டும் எரிந்துகொண்டிருந்தது. காலி நாற்காலியின் மேல் வெளிச்சம். மேடைப் பையன்கள் செட்டை மாற்றுவது அப்பட்டமாகத் தெரிந்தது. அடுத்த காட்சியிலும் அது அணையவில்லை.

"நான் 18-ஐத்தானே தொட்டேன்? 19 எப்படி மாறும்?" என்றார் மூத்தவர். நியாயமான கேள்வி. பழைய போர்டில் அப்படி நடக்கவே நடக்காது.

நடந்தது இதுதான். சேனல் 31 முதல் காட்சியில் எரிந்து, அங்கேயே அணைக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு அது பூஜ்யத்திலேயே தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 19இல் பிளாக்கவுட்டைப் பதிவு செய்தபோது, அப்போது எரிந்துகொண்டிருந்த விளக்குகளை மட்டும்தான் அணைத்தார்கள். 31 ஏற்கெனவே அணைந்திருந்ததால் அதற்கென்று 19இல் தனிக் கட்டளை எதுவும் இல்லை. 18இல் அதை 40க்கு ஏற்றியதும், அணைக்கச் சொல்லும் ஆள் பின்னால் யாரும் இல்லாததால் அது 40ஆகவே எல்லாக் கியூவுக்கும் நடந்து போய்விட்டது.

திரையிலேயே இது தெரியும். ஈயோஸ் திரையில் முந்தைய கியூவைவிட ஏறிய விளக்கின் அளவு நீல நிறத்தில் இருக்கும், இறங்கியது பச்சை, மாறாமல் தொடர்ந்து வருவது மெஜந்தா, இப்போது கையால் மாற்றியது சிவப்பு. 19ஆவது கியூவில் 31க்குக் கீழே 40 என்ற எண் மெஜந்தாவில் நின்றிருந்தது. அதைக் காட்டியதும் மூத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் திரையைப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு கியூவாகப் பின்னோக்கிப் போய், அந்த எண் எங்கே நீலமாக மாறுகிறது என்று தானே தேடிக் கண்டுபிடித்தார். அந்த நிமிடத்திலிருந்து அவருக்குத் திரை மேல் ஒரு பிடி வந்தது என்று சொல்ல வேண்டும்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. 18இல் மட்டும் மாற்றம் வேண்டும் என்றால் அப்டேட்டோடு கியூ ஒன்லி சேர்த்து அழுத்தலாம், அடுத்த கியூவில் விளக்கு பழைய நிலைக்கே போய்விடும். காட்சி தொடங்கும் கியூக்களை பிளாக் செய்து வைக்கலாம், முன்னால் செய்த திருத்தம் அதைத் தாண்டி உள்ளே வராது. பிளாக்கவுட் கியூக்களுக்கு ஆல்ஃபேட் கொடுக்கலாம், அந்தக் கியூவில் பெயர் சொல்லாத விளக்குகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். நாங்கள் கடைசி இரண்டையும் அரங்கின் நிரந்தர வழக்கமாக வைத்துக்கொண்டோம். எந்த நாடகம் வந்தாலும் காட்சித் தொடக்கம் பிளாக், பிளாக்கவுட் என்றால் ஆல்ஃபேட்.

டிராக்கிங்கை முழுக்க நிறுத்திவிட்டு கியூ ஒன்லி முறைக்கே கன்சோலை மாற்றிவிடலாமே என்று இளைஞர் யோசனை சொன்னார். அமைப்பில் அதற்கு வசதி இருக்கிறது. நான் வேண்டாம் என்றேன். இரண்டாம் காட்சி முழுவதும் ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் குறைய வேண்டும் என்று இயக்குநர் கடைசி நேரத்தில் கேட்டால், டிராக்கிங்கில் காட்சியின் முதல் கியூவில் ஒரே ஒரு திருத்தம் போதும். கியூ ஒன்லியில் ஒவ்வொரு கியூவாகத் திறந்து திருத்த வேண்டும். நம் ஊர் நாடகங்களில் கடைசி நேரத் திருத்தம் இல்லாத ஒத்திகையே கிடையாது. மேலும், வெளியூர் வடிவமைப்பாளர்கள் டிராக்கிங் இருக்கும் என்று நம்பித்தான் வருவார்கள்.

கன்சோலின் மேல் விழுந்த பழி

முதல் வாரத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் அடிக்கடி வந்தன. ஒன்று, எல்இடி விளக்குகள் திடீர் திடீரென்று மினுக்குகின்றன. இரண்டு, மெதுவாக அணைக்கும்போது விளக்கு படிப்படியாகக் குதித்து அணைகிறது. "பழைய போர்டுல இப்படி இல்லையே" என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், பழைய போர்டில் இப்படி இல்லை.

மினுக்கலைக் கண்டுபிடித்தவர் எலக்ட்ரீஷியன். கன்சோலிலிருந்து விளக்குகளுக்குப் போகும் டிஎம்எக்ஸ் என்பது 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பொது முறை. எந்த நிறுவனத்தின் கன்சோலும் எந்த நிறுவனத்தின் விளக்கோடும் பேசிக்கொள்ள அதுதான் காரணம். ஒரு கேபிளில் 512 சேனல், நொடிக்கு 2,50,000 பிட் வேகம். அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 120 ஓம் தன்மையுள்ள கேபிள் வேண்டும். ஆனால் அரங்கில் எல்இடி விளக்குகளை இணைத்திருந்தது மைக் கேபிள். மூன்று முனை பிளக் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருப்பதால் யாரோ எப்போதோ அதைச் செருகியிருக்கிறார்கள். ஓரிடத்தில் கேபிளை இரண்டாகப் பிரித்தும் இருந்தார்கள், அதுவும் டிஎம்எக்ஸ் வரியில் கூடாது. முன்பு எல்லா விளக்கும் ஒரே நிறத்தில் அசையாமல் நின்றதால் இந்தக் கோளாறு கண்ணில் படவில்லை. கேபிளை மாற்றி, வரிசையின் கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் செருகியதும் மினுக்கல் நின்றது.

படிப்படியாக அணைவது கொஞ்சம் சிக்கலானது. சாதாரண டிஎம்எக்ஸ் சேனலில் 0 முதல் 255 வரை 256 நிலைகள் மட்டுமே. பார் விளக்கின் இழை சூடாறக் கொஞ்ச நேரம் எடுப்பதால் நிலைக்கு நிலை உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. எல்இடிக்கு அந்த மந்தம் இல்லை, சொன்ன உடனே மாறிவிடும். வெளிச்சம் குறைவாக இருக்கும் கடைசிப் பத்து சதவீதத்தில் கண் மிகக் கூர்மையாக இருக்கும், அங்கே ஒவ்வொரு படியும் தெரிகிறது. சில விளக்குகளின் மெனுவில் இழை விளக்கு போல மெதுவாக மாறும் அமைப்பு இருந்தது, அதைப் போட்டோம். அந்த வசதி இல்லாத விளக்குகளுக்கு மூத்தவர் ஒரு வழி சொன்னார்: எல்இடியை முன்னாலேயே இறக்கிவிட்டு, பார் விளக்கைக் கடைசியாக அணைய விடுவது. கன்சோலில் ஒரே கியூவுக்குள் விளக்குக்கு விளக்கு வேறு நேரம் கொடுக்கலாம். எல்இடிக்கு 3 நொடி, பார் விளக்குக்கு 5 நொடி என்று வைத்தோம். குதிப்பு மறைந்துவிட்டது. இது கன்சோல் தெரிந்ததால் வந்த யோசனை இல்லை, பல வருடம் மேடையைப் பார்த்த கண்ணிலிருந்து வந்தது.

எலக்ட்ரீஷியன் கவலைப்பட்ட இன்னொரு விஷயம், கன்சோல் கிளம்ப எடுக்கும் நேரம். உள்ளே இருப்பது கம்ப்யூட்டர், பழைய போர்டு போல சுவிட்ச் போட்டதும் எரியாது. நிகழ்ச்சி நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வர சில நொடிகள் ஆனாலும், கன்சோல் திரும்ப எழுந்திருக்க அதைவிட அதிக நேரம் ஆகும். கன்சோலுக்கென்று தனி யூபிஎஸ் வாங்கியே தீர வேண்டும் என்று நிர்வாகத்திடம் அவர் சண்டை போட்டு வாங்கினார். இப்படிப்பட்ட அரங்கில் அது கன்சோலோடு சேர்த்தே பட்ஜெட்டில் வர வேண்டிய செலவு. இணைப்பு அறுந்தால் கடைசி நிலையிலேயே நிற்கும்படி ஒவ்வொரு எல்இடி விளக்கின் மெனுவையும் அவரே ஏணி ஏறி மாற்றினார்.

பழகுவதற்கு நேரம்

விளக்கு வேலையில் இப்படிப்பட்ட மாற்றம் புதிதல்ல. 1975இல் நியூயார்க்கின் ஷூபர்ட் அரங்குக்கு எ கோரஸ் லைன் இசை நாடகம் வந்தபோது, விளக்கு வடிவமைப்பாளர் தாரன் மஸ்ஸர் எல்எஸ்-8 என்ற கம்ப்யூட்டர் நினைவக போர்டைக் கொண்டுவந்தார். பிராட்வே மேடையில் அதுதான் முதல். அதுவரை அங்கே பியானோ போர்டு என்று சொல்லப்பட்ட பெரிய பெட்டிகளில் கைப்பிடி டிம்மர்களை வைத்து, பல ஆட்கள் நின்று தள்ளி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இரவும் ஒரே அளவு, ஒரே வேகம் என்பது ஆட்களின் கையைப் பொறுத்தே இருந்தது. நம் மூத்தவர் கைப்பிடி டிம்மரிலிருந்து தொடங்கியவர் என்பதால் இந்தக் கதையைச் சொன்னபோது ரொம்ப ஆர்வமாகக் கேட்டார். அத்தனை பேர் சேர்ந்து ஒரு கிராஸ்ஃபேட் செய்வது எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குச் சொல்லாமலே புரிந்தது.

எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம் ஒன்று உண்டு. நம் அரங்குகள் கன்சோலுக்குச் செலவு செய்கின்றன, அதைப் பழக ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை. ஹால் வாடகைக்குப் போகாத நாள் நஷ்டம் என்று நிர்வாகம் பார்க்கிறது. காலையில் கன்சோலைப் பெட்டியிலிருந்து எடுத்து, மாலையில் நிகழ்ச்சி ஓட்டச் சொல்கிறார்கள். அப்படி ஓட்டினால் ஆபரேட்டர் முதல் நிகழ்ச்சியிலேயே அவமானப்படுவார், அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்தக் கன்சோலை வெறுப்பார். இந்த அரங்கில் செயலாளரிடம் பேசி, நிகழ்ச்சி இல்லாத சில காலை நேரங்களை வாங்கினோம். அந்த நேரத்தில் யாரும் பாடம் நடத்தவில்லை. விளக்கை எரியவிட்டு விளையாட விட்டோம், அவ்வளவுதான்.

இளைஞர் தன் லேப்டாப்பில் ஈயோஸ் நோமட் மென்பொருளைப் போட்டுக்கொண்டார். விளக்குக்குச் சமிக்ஞை அனுப்பத்தான் தனியாகக் காசு கொடுத்து ஒரு கீ வாங்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து கியூ எழுதிப் பழக இலவசம். கன்சோலின் நூலகத்தில் இல்லாத உள்ளூர் எல்இடி விளக்குகளுக்கு அவர்தான் ஃபிக்ஸ்சர் எடிட்டரில் சேனல் சேனலாக விவரம் எழுதினார். மாஸ்டர் சேனல் இல்லாத மலிவு விளக்குகளுக்கும் கன்சோல் தானாக ஒரு கற்பனை மாஸ்டரை உருவாக்கிக் கொடுத்துவிடும் என்று கண்டுபிடித்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் ஈவென்ட் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஆட்டிக்கொண்டே இருப்பார். மூவிங் ஹெட் கையில் கிடைத்தால் பதத்தில்கூடச் சுழற்றுவார். "அந்தப் பொண்ணு கண்ண மூடி நிக்குது, நீ ஏன்டா லைட்ட சுத்துற" என்று மூத்தவர் அதட்டுவது பலமுறை கேட்டது. அதற்கு அவர், "சரிண்ணா, சரிண்ணா" என்று கையை எடுத்துவிடுவார். இவர் கன்சோலைச் சொல்லிக்கொடுக்க, அவர் மேடையைச் சொல்லிக்கொடுக்க, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அந்த வாரங்களில் நடந்த நல்ல விஷயம். அதை நான் திட்டமிட்டு அமைக்கவில்லை, நாற்காலி இரண்டு இருந்தது.

இப்போது உள்ள நிலை

அரங்கில் இரண்டு ஷோ ஃபைல்கள் நிரந்தரமாக இருக்கின்றன. ஒன்று நாட்டியத்துக்கு, 19 சப்மாஸ்டரோடு. இன்னொன்று நாடகத்துக்கு, வெறும் பேட்ச் (எந்த விளக்கு எந்தச் சேனல் எண் என்ற பட்டியல்), நிறங்கள், குழுக்களோடு. இரண்டையும் பென் டிரைவிலும் எடுத்து எலக்ட்ரீஷியன் அலமாரியில் வைத்திருக்கிறார்.

சேனல் எண்களை மேடை அமைப்பின்படி மாற்றிவிட்டோம்: முன் விளக்கு 1 முதல், பக்க விளக்கு 31 முதல், பின் விளக்கு 61 முதல், சைக் 101 முதல். விளக்கு எந்த டிம்மரில் தொங்கினாலும் சேனல் எண் மாறாது. வெளியிலிருந்து வரும் குழுக்களுக்கு இந்தப் பட்டியலை முன்கூட்டியே அனுப்புகிறார்கள், கியூவோடு தயாராக வருகிறவர்களுக்கு ஒத்திகை நேரம் கணிசமாக மிச்சமாகிறது.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. திரையில் எழுத்து சிறியது, இருட்டில் மூத்தவருக்குப் படிக்கச் சிரமமாக இருக்கிறது. சேனல்களைப் பெரிதாக்கினால் ஒரே பார்வையில் எல்லாம் தெரியாது. வெளியே கூடுதலாக ஒரு பெரிய மானிட்டர் வைக்க வேண்டும். கன்சோலில் அதற்கு வழி இருக்கிறது. ஆபரேட்டர் அறையில்தான் இடமில்லை. ஜன்னலை மறைக்காமல் அதை எங்கே பொருத்துவது என்று அந்த எலக்ட்ரீஷியன் அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்.